மெயிலை மாத்தினது பாம் மிரட்டலுக்கு இல்லீங்க, ப்ளட் ரிப்போர்ட்டுக்கு

"இனிமே ரிப்போர்ட் ஏதாவது மெயில்ல அனுப்பணும்னா என் புரோட்டான் மெயில் முகவரிக்கு அனுப்புங்க, ஜிமெயில் வேண்டாம்"னு தெரிஞ்சவங்ககிட்ட சொன்னேன். வந்த முதல் பதில் என்ன தெரியுமா?

"மேடம், அது ஸ்கூலுக்கு பாம் மிரட்டல் விடுறவங்க யூஸ் பண்றதாச்சே?"

கேட்டவங்க மேல தப்பே இல்லை. தமிழ்நாட்டுல பெரும்பாலானவங்க அந்தப் பேரை முதல்முதலா கேள்விப்பட்டதே அப்படித்தான். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமான இழை, டீ போட்டுட்டு வந்து படிங்க.

2024 பிப்ரவரி 8. சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு வெச்சிருக்கோம்னு மெயில் வந்தது. வேலைக்குப் போன பெற்றோர் எல்லாம் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கிட்டு ஓடினாங்க. மோப்ப நாய், வெடிகுண்டு நிபுணர்கள், பள்ளிக்கூட வாசலில் அழுதுக்கிட்டு நிக்கிற அம்மாக்கள். கடைசியில் எல்லாம் புரளி. மெயில் வந்தது புரோட்டான் மெயில் வழியா.

அனுப்பினவன் யாருன்னு கண்டுபிடிக்கறதுல சிக்கல் வந்ததும், தமிழ்நாடு போலீஸ் கோரிக்கையின் பேரில் அந்தச் சேவையையே இந்தியா முழுக்க முடக்கணும்ங்கிற பேச்சு டெல்லி வரைக்கும் போச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுக் கமிட்டி அதை எடுத்துக்கிட்டதா செய்தி வந்தது. சுவிட்சர்லாந்து அரசு அதிகாரிகள் தலையிட்டுப் பேசினாங்க, முடக்கம் நடக்கலை. அடுத்து 2025 ஏப்ரல் 29 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், புரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. அந்த வழக்கு ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களைக் குறிவெச்சு ஆபாச மெயில்களும் போலிப் படங்களும் அனுப்பப்பட்டது பத்தினது.

இந்த ரெண்டு வழக்கையும் நான் லேசா எடுத்துக்கலை. பள்ளி வாசலில் நின்ன அந்தப் பெற்றோருக்கும், தன் முகத்தை வேற உடம்புல ஒட்டி அனுப்பப்பட்ட அந்தப் பெண்களுக்கும் "தனியுரிமை முக்கியம்"னு நான் இங்க உக்காந்து பாடம் எடுத்தா அது அபத்தம். அவங்களுக்குக் குற்றவாளி கிடைக்கணும். சுவிஸ் நாட்டுச் சட்டப்படி அந்த நிறுவனம் வெளிநாட்டு போலீஸுக்கு நேரடியா தகவல் கொடுக்கக்கூடாது, சுவிஸ் அரசு வழியாத்தான் கேட்கணும். அந்த வழி மெதுவானது. 8 மணிக்கு மிரட்டல் வந்தா 9 மணிக்குப் பதில் தேவைப்படுற போலீஸ்காரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த வழியை வேகப்படுத்த ரெண்டு அரசும் உக்காந்து பேசட்டும், எனக்கு முழுச் சம்மதம்.

ஆனா முடக்கினா என்ன ஆகும்? 2024 மே 1 அன்று டெல்லி வட்டாரத்தில் நூத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு மிரட்டல் வந்ததே, அது ரஷ்யாவின் மெயில் சேவை ஒண்ணு வழியா வந்தது. ஒரு கதவைச் சாத்தினா பக்கத்துக் கதவு. மிரட்டல் விடுறவனுக்கு அஞ்சு நிமிஷ வேலை. முடக்கத்தால நிஜமா மாட்டிக்கிறது சொன்ன பேச்சு கேக்குற சாதாரண ஆள்தான்.

பிளேடு வெச்சு ஒருத்தன் இன்னொருத்தனைக் கீறினா, தியேட்டர்ல இருக்கிற சர்ஜிக்கல் பிளேடையும் சேர்த்து அள்ளிட்டுப் போக முடியுமா? கீறினவனைப் பிடிங்க, அவ்ளோதான்.

"பிடிக்கவே முடியாதே"ன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அதுவும் உண்மை இல்லை. 2021ல பிரான்ஸ்ல போராட்டக்காரர் ஒருத்தரை போலீஸ் தேடினப்போ, சுவிஸ் சட்ட உத்தரவு வந்ததும் இதே புரோட்டான் அவரோட ஐபி முகவரியைப் பதிவு செஞ்சு கொடுத்தது. உலகம் முழுக்கத் திட்டு வாங்கினாங்க. கடிதத்துக்குள்ள என்ன எழுதியிருந்ததுன்னு மட்டும் அவங்களால கொடுக்க முடியலை, ஏன்னா அது அவங்களுக்கே தெரியாது. இந்த ஒரு வரிதான் மொத்த விஷயமும். யார், எங்கிருந்துங்கிறது ஓரளவுக்குக் கிடைக்கும். உள்ளே என்னங்கிறது கிடைக்காது.

இப்ப "உள்ளே என்ன"ங்கிறது ஒரு டாக்டருக்கு ஏன் முக்கியம்னு சொல்றேன்.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். கணவர் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறதால குடியிருப்பு அணுபுரம் டவுன்ஷிப். இந்த மாதிரி டவுன்ஷிப்ல இருந்தவங்களுக்குப் புரியும். இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கணவரோட செக்‌ஷன் ஹெட் வீட்டம்மாவும் நாமும் ஒரே காய்கறிக் கடையில் நிப்போம். பசங்க ஒரே ஸ்கூல், ஒரே பஸ். அன்பான ஊர்தான், ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் உதவிக்கு ஆள் வரும். ஆனா ஒரு வீட்டுல மனநல மாத்திரை சாப்பிடுறாங்கன்னு தெரிஞ்சா, அது ஒரு சாயங்கால வாக்கிங்ல மூணு பிளாக் தாண்டிடும்.

அதனாலேயே இங்க நிறைய பேர் உடம்புக்கு வந்தா ஊருக்குள்ள காட்டமாட்டாங்க. செங்கல்பட்டு, தாம்பரம், இன்னும் தள்ளி அடையாறுன்னு போவாங்க. போயிட்டு வந்து, ரிப்போர்ட்டை மட்டும் தெரிஞ்ச டாக்டருக்கு அனுப்பி "இது சரியா மேடம்?"னு கேப்பாங்க. அப்படி டாக்டர்களுக்கு வர்ற மெயில்ல என்னென்ன இருக்கும்? குழந்தையின்மை சிகிச்சைக்குப் போற தம்பதியோட விந்தணுப் பரிசோதனை. கல்யாணம் நிச்சயமான பொண்ணோட வலிப்பு மாத்திரைச் சீட்டு. ஹெச்ஐவி ரிசல்ட். கருக்கலைப்பு டிஸ்சார்ஜ் சம்மரி. குடிப்பழக்கத்துக்கு மருந்து எடுக்கிறவரோட கல்லீரல் ரிப்போர்ட்.

இதுல எது வெளியே போனாலும் ஒரு குடும்பத்துக்குள்ள பூகம்பம்தான். சட்டமும் சும்மா இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்கணும்னு 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்லுது. ஹெச்ஐவி நிலையை எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம வெளியிடக்கூடாதுன்னு 2017 சட்டம் சொல்லுது. கருக்கலைப்பு செஞ்சுக்கிட்ட பெண்ணோட அடையாளத்தை வெளியிட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இது 2021 திருத்தம். அதே சமயம் 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் ஈமெயில் வழி ஆலோசனையை அனுமதிக்குது. அதாவது மெயில் போடலாம், ஆனா ரகசியம் போகக்கூடாது. எப்படின்னு கேட்டா அது உங்க சாமர்த்தியம், டாக்டர்.

இந்தக் கவலை வெறும் கற்பனைன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டே உதாரணம். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ரான்சம்வேர் தாக்கி சர்வர்கள் முடங்கி, நாட்டின் முதன்மையான மருத்துவமனை பல நாள் பேனாவும் பேப்பருமா ஓடுச்சு. இன்னொண்ணு நம்ம சென்னையைத் தலைமையிடமா வெச்ச ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ். 2024 செப்டம்பர்ல அவங்க வாடிக்கையாளர்களோட பேர், போன் நம்பர், வீட்டு முகவரி, டெஸ்ட் ரிசல்ட், என்ன நோய்ங்கிறது வரைக்கும் டெலிகிராம்ல ஒரு சாட்பாட் கிட்ட கேட்டா கொட்டுதுன்னு ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. 3.1 கோடி பேர் விவரம் கையில இருக்குன்னு திருடினவன் சொல்லிக்கிட்டான். நிறுவனம் கோர்ட்டுக்குப் போச்சு. போனது போனதுதான். பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம், கிரெடிட் கார்டு போனா பிளாக் பண்ணலாம். "இவருக்கு இந்த நோய் இருக்கு"ங்கிற தகவல் வெளியே போனா அதை மாத்த முடியுமா?

இந்த ரெண்டும் மெயில் திருட்டு இல்லைதான். ஆனா பாடம் ஒண்ணுதான்: யாரோ ஒருத்தர் சர்வர்ல, படிக்கக்கூடிய நிலையில, நிறைய பேரோட ரகசியம் ஒரே இடத்துல குவிஞ்சிருந்தா, ஒரு நாள் அது வெளியே வரும்.

சரி, ஜிமெயில் கெட்டதா? இதுல நிறைய வாட்ஸ்அப் பல்கலைக்கழகம் ஓடுது. "கூகுள் உங்க மெயிலைப் படிச்சு விளம்பரம் போடுறான்"னு ஒரு ஃபார்வர்டு இன்னும் சுத்துது. விளம்பரத்துக்காக மெயில் உள்ளடக்கத்தை ஸ்கேன் பண்றதை நிறுத்துறோம்னு 2017லயே கூகுள் அறிவிச்சாச்சு. "மெயில் என்பது திறந்த போஸ்ட்கார்டு"ன்னு சொல்றதும் பழைய கதை. இன்னைக்குப் பெரும்பாலான மெயில் போற வழியில பூட்டியேதான் போகுது.

வித்தியாசம் போய்ச் சேர்ந்த இடத்துல. ஜிமெயில்ல உங்க மெயில் பத்திரமா பூட்டி வெச்சிருக்கும், ஆனா சாவி கூகுள் கையில. சட்டப்படி யாராவது கேட்டா திறந்து கொடுக்க முடியும். புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா மாதிரி சேவைகள்ல சாவி உங்க பாஸ்வேர்டுக்குள்ள இருக்கு. அந்த நிறுவனத்து சர்வரையே ஒருத்தன் அள்ளிட்டுப் போனாலும் அவனுக்குக் கிடைக்கிறது புரியாத எழுத்துக் குப்பை.

புரோட்டான் 2014ல ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வகத்துல வேலை பார்த்த இளம் விஞ்ஞானிகள் ஆரம்பிச்சது. எங்க டவுன்ஷிப் ஆளுங்ககிட்ட இதைச் சொன்னா முகம் மலரும். செர்ன்ல இந்தியா 2017ல இருந்து இணை உறுப்பினர், அந்த உறவைப் பார்த்துக்கறது இவங்க அணுசக்தித் துறைதான். வாசல்ல ஆளுயரத்துக்கு மேல ஒரு நடராஜர் நிக்கிறார், 2004ல இந்தியா கொடுத்த பரிசு. இதனால மெயில் பாதுகாப்பு கூடிடாது, சும்மா சொல்லணும்னு தோணுச்சு.

அடுத்த கேள்வி எப்பவும் இதுதான்: "நம்ம ஊர் ஜோஹோ இருக்கே, வெளிநாட்டுக்கு ஏன் போகணும்?"

ஜோஹோ தலைமையகம் எங்க செங்கல்பட்டு மாவட்டத்துல, கூடுவாஞ்சேரி பக்கம். மத்திய அரசு ஊழியர்களோட மெயிலே இப்ப ஜோஹோ தளத்துலதான் ஓடுது. தரத்துல எனக்குச் சந்தேகமே இல்லை, தரவு இந்தியாவுக்குள்ள இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நல்ல தேர்வு. விளம்பரமும் கிடையாது. ஆனா அது வேற ரகம். சாதாரணமா உபயோகிக்கும்போது சாவி நிறுவனத்துக்கிட்டதான், ஜிமெயில் மாதிரி. யாரை நம்புறோம்ங்கிறதை மாத்திக்கிறது ஒண்ணு, யாரையும் நம்பத் தேவையில்லாம பண்றது இன்னொண்ணு. நம்ம ஊர்க் கம்பெனின்னு பெருமைப்படுறதும் சரி, இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கறதும் சரி.

இங்க துறையில் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேசுறது உங்க சொந்த மெயில் பத்தி மட்டும். ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் கொடுத்த மெயில்தான், வேற எதுவும் கிடையாது. என்கிரிப்ஷன் இருக்குன்னு புரோட்டான்ல ஆபீஸ் ஃபைல் அனுப்பினா அது விதிமீறல். இன்னொண்ணு, பூட்டின மெயில்லயும் வைரஸ் லிங்க் வரும். 2019ல கூடங்குளத்துல, இணையத்தோட இணைஞ்சிருந்த நிர்வாகக் கணினி ஒண்ணுல மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகமே அக்டோபர் 30 அன்று ஒப்புக்கிட்டது நினைவிருக்கும். உலையை இயக்குற அமைப்பு தனியா இருந்ததால அதுக்குப் பாதிப்பில்லைன்னு சொன்னாங்க. கடிதம் எவ்வளவு கெட்டியான உறையில வந்தா என்ன, உள்ளே இருக்கிற விஷத்தை நாமே எடுத்துச் சாப்பிட்டா?

அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் எல்லாம் ஒழுங்கான்னு கேக்காதீங்க. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல அலுவலக மெயில் ஒரு இலவச ஜிமெயில் கணக்கு. பாஸ்வேர்ட் மானிட்டர் ஓரத்துல செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். டேட்டா என்ட்ரி தம்பி, ஃபார்மசிஸ்ட், பயிற்சிக்கு வந்த பசங்கன்னு எல்லாரும் அதுலதான். வேலையை விட்டுப் போன ஒருத்தரோட போன்லயும் அது லாகின் ஆகியே இருந்தது. இதை மாத்தணும்னு எழுதிக் கொடுத்தேன். "இருக்கட்டும் மேடம், இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே"ன்னாங்க. தடுப்பூசி வேண்டாம்னு சொல்றவங்களும் இதே வசனம்தான் பேசுவாங்க.

மாறினா என்ன கிடைக்காதுங்கிறதையும் சொல்லிடணும், இல்லைன்னா நான் மருந்து கம்பெனி ரெப் ஆயிடுவேன்.

நீங்க புரோட்டான்ல இருந்து ஒரு ஜிமெயில்காரருக்கு மெயில் போட்டா, அவர் பெட்டியில அது சாதாரண ஜிமெயில்தான். கூகுள்கிட்ட ஒரு பிரதி இருக்கும். ரெண்டு பக்கமும் அதே சேவை இருந்தாத்தான் முழுப் பூட்டு. இதுக்கு ஒரு வழி உண்டு: அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் பாஸ்வேர்ட் போட்டு அனுப்பலாம், காலக்கெடுவும் வைக்கலாம். அவருக்கு ஒரு லிங்க் போகும், பாஸ்வேர்டை போன்ல சொல்லிடுங்க. நான் நோயாளிகளுக்கு பதில் போடுறது இப்படித்தான். முதல் தடவை திணறுவாங்க, ரெண்டாவது தடவை பழகிடும்.

புரோட்டான்ல தலைப்பு வரி முழுசா பூட்டப்படாது. டூட்டாவில் அதையும் பூட்டுறாங்க. "என் மனைவியின் பயாப்ஸி ரிசல்ட்"னு தலைப்புல எழுதிட்டு உள்ளே "இணைத்துள்ளேன்"னு ஒரே வார்த்தை எழுதுறவங்க நம்மில் நிறைய. தலைப்புல "ரிப்போர்ட்"னு மட்டும் போட்டா போதும்.

பாஸ்வேர்ட் மறந்தா ஜிமெயில் மாதிரி ஓடிபி போட்டு எல்லாத்தையும் மீட்டுட முடியாது. கணக்கு திரும்பக் கிடைக்கலாம், பழைய மெயில் படிக்க முடியாமப் போகலாம். சாவி அவங்ககிட்ட இல்லைன்னு சொன்னோமே, அதோட மறுபக்கம் இது. மீட்புச் சொற்தொடர்னு ஒரு 12 வார்த்தை கொடுப்பாங்க. அதைப் பேப்பர்ல எழுதி பீரோவில் நகைப் பெட்டியோட வைங்க. போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் போட்டோஸ்ல வெச்சுடாதீங்க, சாமி சத்தியமா அப்படிச் செய்றவங்க இருக்காங்க. இலவசக் கணக்கை ஒரு வருஷம் தொடாம விட்டா மூடிடவும் வாய்ப்பு இருக்கு. இலவச இடமும் 1 ஜிபிதான், ஜிமெயில்ல 15.

அப்புறம் போன். பூட்டாத போன், வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பின் நம்பர், லாக் ஸ்கிரீன்ல வந்து நிக்கிற நோட்டிஃபிகேஷன். ஸ்விஸ் நாட்டு மலைக்கு அடியில சர்வர் இருந்தாலும், மேஜை மேல கிடக்கிற போன்ல மாமியார் பார்த்துட்டா கதை முடிஞ்சது. நான் கேட்ட வரைக்கும் மருத்துவ ரகசியம் வெளியே போன கதைகள்ல ஹேக்கர் ரொம்பக் குறைவு. சொந்தக்காரங்க, கூட வேலை பார்க்கிறவங்க, தப்பான குரூப்ல விழுந்த ஃபோட்டோ, இதுதான் அதிகம்.

அதனால எல்லாரும் மாறணும்னு நான் சொல்லமாட்டேன். 70 வயசு அப்பாவுக்குப் பென்ஷன் மெயில், கேஸ் பில், பேரன் போட்டோ வர்ற ஜிமெயிலை மாத்தி விட்டு அவரைத் தவிக்க விடாதீங்க. அவருக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுக் கொடுத்தாலே பெரிய உதவி. நீண்ட நாள் நோய், மனநல சிகிச்சை, குழந்தையின்மை சிகிச்சை, குடும்ப வழக்கு, இதுல எதாவது ஓடிக்கிட்டிருக்கிறவங்க தனியா ஒரு கணக்கு ஆரம்பிக்கலாம். டாக்டர்கள், வக்கீல்கள், கவுன்சலர்கள் கட்டாயம் யோசிக்கணும். அடுத்தவங்க ரகசியம் நம்ம பெட்டியில இருக்கு, "எனக்கு மறைக்க ஒண்ணுமில்லை"ன்னு சொல்ற உரிமை நமக்குக் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ல உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்குல சொன்னது நோயாளிக்கும் சேர்த்துதான்.

மாறுறவங்க ஜிமெயிலை உடனே அழிக்காதீங்க. பேங்க், ஆதார், எல்ஐசி, பசங்க ஸ்கூல்னு எது எதுல அந்த முகவரி இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் ரெண்டும் ஓடட்டும். லேப், டாக்டர், இன்சூரன்ஸ் மட்டும் முதல்ல புதுசுக்கு மாத்துங்க. பழைய ஜிமெயில்ல தேடி, மருத்துவ இணைப்புகளை இறக்கி வெச்சுக்கிட்டு, அங்க அழிச்சு, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணுங்க. அனுப்பிய மெயில் பெட்டியை மறந்துடாதீங்க, ரிப்போர்ட் பாதி அங்கதான் கிடக்கும்.

அப்புறம் அந்த ஜெராக்ஸ் கடை. ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க கடைக்காரர் மெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்புறோமே, அது அங்கேயே கிடக்குது. அடுத்து வர்றவர் தன் ஃபைலைத் தேடும்போது உங்க பேரோட உங்க ரிப்போர்ட்டையும் பார்ப்பார். பிரிண்ட் எடுத்ததும் "அண்ணே, அதை டெலீட் பண்ணிடுங்க, டவுன்லோட் ஃபோல்டர்லயும்"னு நின்னு பார்த்துட்டு வாங்க. கடைக்காரங்க யாரும் கோச்சுக்க மாட்டாங்க. நான் கேக்கிற கடையில இப்ப அவரே பிரிண்ட் போட்டதும் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, அழிக்கிறதைக் காட்டிட்டுத்தான் காசு வாங்குறார்.